ராயப்பா எதிர் தமிழ்நாடு மாநிலம்

இ. பி. ராயப்பா எதிர் தமிழ்நாடு மாநிலம் என்பது இந்திய உச்ச நீதிமன்றம் 1973 நவம்பர் 23 அன்று தீர்ப்பளித்த ஒரு வழக்கு ஆகும். தமிழ்நாட்டு அரசின் தலைமைச் செயலாளராக இருந்த ராயப்பா, அப்பதவியிலிருந்து தாம் மாற்றப்பட்டதை எதிர்த்து இவ்வழக்கைத் தொடுத்தார். உயர் அரசு அலுவலர்களின் அரசியல் நடுநிலைமைக்குச் சட்டம் எந்த அளவு காப்பளிக்கிறது என்ற கேள்வி இதில் எழுந்தது. ராயப்பா வழக்கில் தோற்றார். எனினும் "தன்னிச்சையான செயல் சமத்துவத்துக்கு எதிரானது" என்று இத்தீர்ப்பில் வகுக்கப்பட்ட கோட்பாடு இந்திய அரசியலமைப்புச் சட்டத்தின் போக்கையே மாற்றியது.

வழக்கு விவரம்

* நீதிமன்றம்: இந்திய உச்ச நீதிமன்றம்
* தீர்ப்பு நாள்: 1973 நவம்பர் 23
* அமர்வு: ஏ. என். ராய் (தலைமை நீதிபதி), டி. ஜி. பாலேகர், ஒய். வி. சந்திரசூட், பி. என். பகவதி, வி. ஆர். கிருஷ்ண ஐயர்
* தொடர்புடைய அரசியலமைப்புப் பிரிவுகள்: 14, 16, 32
* முடிவு: மனு தள்ளுபடி

பின்னணி

இந்தியாவின் நிலையான குடிமைப் பணி பிரித்தானிய ஆட்சிக்காலத்தில் உருவானது. 1855 முதல் இந்தியக் குடிமைப் பணிக்கு (ஐ.சி.எஸ்.) இலண்டனில் போட்டித் தேர்வு நடத்தப்பட்டது. ஆட்சியாளர் மாறினாலும் அலுவலர் மாறுவதில்லை என்பதே இம்முறையின் அடிப்படை. இதற்கு மாறாக, ஐக்கிய அமெரிக்காவில் புதிய குடியரசுத் தலைவர் பதவியேற்கும்போது துறைகளின் உயர் பதவிகள் பலவற்றில் தமக்கு உகந்தவர்களை அமர்த்திக்கொள்கிறார்.

விடுதலைக்குப் பின் இப்பணிமுறையைத் தொடர வேண்டும் என்று வலியுறுத்தியவர்களுள் முதன்மையானவர் வல்லபாய் பட்டேல் ஆவார். 1947 ஏப்ரல் 21 அன்று தில்லி மெட்காஃப் மாளிகையில் பயிற்சி அலுவலர்களிடையே உரையாற்றிய அவர், கட்சிச் சார்பின்றிப் பணியாற்றுமாறு அறிவுறுத்தினார். அந்நாள் இன்று இந்தியாவில் குடிமைப் பணிகள் நாளாகக் கொண்டாடப்படுகிறது. அரசியலமைப்பின் 311ஆம் பிரிவு, உரிய விசாரணையின்றி அலுவலரைப் பணிநீக்கம் செய்வதையோ பதவி இறக்குவதையோ தடுக்கிறது. 312ஆம் பிரிவு அனைத்திந்தியப் பணிகளுக்கு வழிசெய்கிறது.

இப்பாதுகாப்பில் ஓர் இடைவெளி உண்டு. பணிநீக்கத்தைத் தடுக்கும் 311ஆம் பிரிவு இடமாற்றத்தைத் தடுப்பதில்லை. ஓர் அலுவலரின் ஊதியத்தையும் தரத்தையும் குறைக்காமலேயே, அதிகாரம் ஏதுமற்ற ஒரு பதவிக்கு அவரை அனுப்பிவிட முடியும். ராயப்பா வழக்கின் மையம் இதுவே.

தலைமைச் செயலாளர் பதவி

மாநில அரசின் நிர்வாகத்தில் மிக உயர்ந்த அலுவலர் தலைமைச் செயலாளர் ஆவார். அமைச்சரவைக் கூட்டங்களின் செயலாளராகவும் இவரே செயல்படுகிறார். துறைகளுக்கிடையே ஒருங்கிணைப்பு, மூத்த அலுவலர்களின் பணியமர்த்தம், சட்டம் ஒழுங்கு, இயற்கைப் பேரிடர் போன்றவற்றில் இவரது சொல்லுக்கு எடை அதிகம். கொள்கையை முடிவு செய்பவர் அமைச்சரே. ஆனால் அவர் முன் வைக்கப்படும் கோப்பில் எந்தெந்த வழிகள் சுட்டப்படுகின்றன, எந்த இடர்கள் எடுத்துரைக்கப்படுகின்றன என்பவை செயலாளரின் குறிப்பைப் பொறுத்தவை. குடியரசுத் தலைவர் ஆட்சி நடைபெறும் காலங்களில் இப்பதவியின் செல்வாக்கு மேலும் கூடுகிறது.

வழக்கு எழுந்த சூழல்

1969 பிப்ரவரியில் மு. கருணாநிதி தமிழ்நாட்டின் முதலமைச்சரானார். அதே ஆண்டு நவம்பரில் தலைமைச் செயலாளர் பதவி காலியானபோது, ராயப்பா அப்பதவியில் அமர்த்தப்பட்டார். பின்னாளில் அவரை மாற்றியதும் இதே அரசுதான் என்பது குறிப்பிடத்தக்கது.

1971 மார்ச்சில் நாடாளுமன்றத்துக்கும் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்துக்கும் ஒருசேரத் தேர்தல் நடந்தது. சட்டமன்றத்தின் 234 இடங்களில் 184 இடங்களை வென்று திராவிட முன்னேற்றக் கழகம் மீண்டும் ஆட்சி அமைத்தது. தேர்தல் காலத்தில் கட்சி வேறுபாடு பாராமல் தாம் எடுத்த கண்டிப்பான நடவடிக்கைகளும், சில நிர்வாக விவகாரங்களில் தாம் தெரிவித்த கருத்துகளும் முதலமைச்சரின் வெறுப்பைத் தேடித் தந்தன என்பது ராயப்பாவின் வாதம். முதலமைச்சர் இக்குற்றச்சாட்டுகளை மறுத்தார்.

1972 ஏப்ரல் 7 அன்று மாநிலத் திட்டக் குழுவின் துணைத் தலைவர் என்ற தற்காலிகப் பதவி ராயப்பாவுக்கு வழங்கப்பட்டது. அது தலைமைச் செயலாளர் தரத்திலேயே உருவாக்கப்பட்டிருந்தது. அவருக்கு இளையவரான பி. சபாநாயகம் தலைமைச் செயலாளர் ஆனார். ராயப்பா புதிய பதவியை ஏற்காமல் விடுப்பில் சென்றார். அதே ஆண்டு சூன் மாத இறுதியில், வரிச் சட்டங்களை ஆராயும் தனி அலுவலராக அவர் அமர்த்தப்பட்டார். அதையும் ஏற்காமல், அரசியலமைப்பின் 32ஆம் பிரிவின் கீழ் நேரடியாக உச்ச நீதிமன்றத்தை அணுகினார்.

மனுதாரரின் வாதங்கள்

ராயப்பா மூன்று வாதங்களை முன்வைத்தார்.

# இந்திய ஆட்சிப் பணி விதிகளின்படி, அப்பணிக்கெனப் பட்டியலிடப்படாத ஒரு பதவியில் அலுவலரை அமர்த்துமுன், அது எந்தப் பதவிக்கு நிகரானது என்பதை அரசு ஆராய்ந்து அறிவிக்க வேண்டும். இது முறையாகச் செய்யப்படவில்லை.
# புதிய பதவிகள் தகுதியிலும் பொறுப்பிலும் தலைமைச் செயலாளர் பதவிக்குத் தாழ்ந்தவை. எனவே சமத்துவ உரிமையை வழங்கும் 14, 16ஆம் பிரிவுகள் மீறப்பட்டன.
# இடமாற்றம் தீய உள்நோக்கம் கொண்டது.

தீர்ப்பு

ஐந்து நீதிபதிகளும் மனுவைத் தள்ளுபடி செய்தனர். தலைமை நீதிபதி ராய் தமக்கும் பாலேகருக்குமாக ஒரு தீர்ப்பும், பகவதி தமக்கும் சந்திரசூட், கிருஷ்ண ஐயர் ஆகியோருக்குமாக மற்றொரு தீர்ப்பும் எழுதினர்.

புதிய பதவிகள் தலைமைச் செயலாளர் பதவிக்கு நிகரானவைதாமா என்பதில் பகவதியின் தீர்ப்பு ஐயம் தெரிவித்தது. ஆயினும், அவை தாழ்ந்தவை என்று முடிவு செய்யப் போதிய சான்று நீதிமன்றத்தின் முன் இல்லை எனக் கூறியது. உள்நோக்கத்தைப் பொறுத்தவரை, உயர்ந்த பொறுப்பில் உள்ளவர் மீது அத்தகைய குற்றச்சாட்டைக் கூறுவது எளிது, மெய்ப்பிப்பது கடினம் என்றும், அதை மெய்ப்பிக்கும் பெருஞ்சுமை குற்றம் சாட்டுபவரையே சாரும் என்றும், வெறும் ஐயம் போதாது என்றும் கூறப்பட்டது.

தலைமைச் செயலாளர் பதவி நிர்வாகத்தின் அச்சாணி போன்றது. அப்பதவியில் இருப்பவருக்கும் முதலமைச்சருக்கும் இடையே முழுமையான புரிதல் தேவை என்பது தீர்ப்பின் மற்றொரு முக்கியக் கருத்தாகும். இதன்படி, அத்தகைய புரிதல் இல்லாதபோது தலைமைச் செயலாளரை மாற்றுவதை நிர்வாகத் தேவையாகக் கருத இடமுண்டு.

சமத்துவம் பற்றிய புதிய கோட்பாடு

இவ்வழக்குக்கு முன், 14ஆம் பிரிவு மீறப்பட்டதா என்பதை நீதிமன்றங்கள் பெரும்பாலும் வகைப்படுத்தல் அளவுகோலால் சோதித்தன. ஒரே நிலையில் உள்ள இருவர் வேறு வேறாக நடத்தப்பட்டனரா, அவ்வாறாயின் அதற்கு நியாயமான அடிப்படை உண்டா என்று பார்ப்பதே அம்முறை. பகவதி இதைத் தாண்டி, தன்னிச்சையும் சமத்துவமும் ஒன்றுக்கொன்று பகை என்றார். அரசின் செயல் தன்னிச்சையானது என்றாலே, ஒப்பிட இன்னொருவர் இல்லாவிட்டாலும், அது 14ஆம் பிரிவை மீறியதாகும்.

இக்கோட்பாடு மேனகா காந்தி வழக்கிலும் (1978), அஜய் ஹாசியா வழக்கிலும் (1981) விரிவு பெற்றது. முத்தலாக் முறையைச் செல்லாது என அறிவித்த சாயரா பானு வழக்கிலும் (2017) இது எடுத்தாளப்பட்டது.

விமர்சனம்

அரசியலமைப்பு அறிஞர் எச். எம். சீர்வை, 14ஆம் பிரிவின் சொற்களுக்கு இப்புதிய கோட்பாடு பொருந்தவில்லை என விமர்சித்தார்.

அலுவலர்களின் நடுநிலைமை என்ற நோக்கில் எழும் கேள்வி வேறு. தலைமைச் செயலாளர் முதலமைச்சரின் முழு நம்பிக்கையைப் பெற்றவராக இருக்க வேண்டுமெனில், அவர் முதலமைச்சருக்கு உகக்காத அறிவுரையை எவ்வாறு துணிந்து கூற முடியும்? மறுபுறம், மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசு தனக்கு ஒத்துழைக்காத ஓர் அலுவலரை மாற்ற முடியாது என்றால், மக்கள் தீர்ப்புக்குப் பொருள் என்ன? இவ்விரண்டுக்கும் இடையிலான எல்லையைத் தீர்ப்பு தெளிவாக வரையவில்லை. நெருக்கடி நிலைக் காலத்து (1975–77) அத்துமீறல்களை ஆராய்ந்த சா ஆணையம், முறையற்ற ஆணைகளுக்கு அலுவலர்கள் பணிந்துபோனதைக் கண்டித்தது. நடுநிலைமை குலைந்தால் பாதிக்கப்படுவோர் குடிமக்களே என்பதை அது காட்டியது.

பிற்கால மாற்றங்கள்

* 1988இல் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 28அ பிரிவின்படி, தேர்தல் பணியில் ஈடுபடும் அலுவலர்களும் காவலர்களும் அக்காலத்தில் தேர்தல் ஆணையத்தின் கட்டுப்பாட்டில் இருப்பர். 1971 தேர்தலின்போது இத்தகைய ஏற்பாடு சட்டத்தில் இல்லை.
* தமிழரும் முன்னாள் அமைச்சரவைச் செயலாளருமான டி. எஸ். ஆர். சுப்பிரமணியன் உள்ளிட்ட ஓய்வுபெற்ற அலுவலர்கள் 83 பேர் தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றம் 2013 அக்டோபர் 31 அன்று தீர்ப்பளித்தது. குறைந்தபட்சப் பணிக்காலம், இடமாற்றங்களைப் பரிந்துரைக்கக் குடிமைப் பணிகள் வாரியம், வாய்மொழி ஆணைகளை எழுத்தில் பதிதல் ஆகியவற்றை அது வலியுறுத்தியது.
* 2014 சனவரியில் இந்திய ஆட்சிப் பணி விதிகள் திருத்தப்பட்டு, குறைந்தது இரண்டு ஆண்டுப் பணிக்காலம் வகுக்கப்பட்டது. வாரியத்தின் பரிந்துரையை, காரணத்தைப் பதிந்து, அரசு மறுக்கலாம். வாரியத்தின் தலைவர் தலைமைச் செயலாளரே ஆவார்.
* 2014 ஆகத்தில் நடத்தை விதிகளில் அரசியல் நடுநிலைமை ஒரு கடமையாக வெளிப்படையாகச் சேர்க்கப்பட்டது.

இம்மாற்றங்களுக்குப் பின்னரும் தலைமைச் செயலாளர் பதவியின் நிலை பெரிதும் மாறவில்லை. ஆந்திரப் பிரதேசத்தில் 2019 ஏப்ரலில் தேர்தல் ஆணையம் அமர்த்திய தலைமைச் செயலாளர் எல். வி. சுப்பிரமணியம், தேர்தலுக்குப் பின் வந்த அரசால் அதே ஆண்டு நவம்பரில், ஓய்வுக்குச் சில மாதங்களே இருந்த நிலையில், பாபட்லாவிலுள்ள பயிற்சி நிறுவனத்துக்கு மாற்றப்பட்டார்.

இவற்றையும் பார்க்க

* இந்திய ஆட்சிப் பணி
* தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம்
* இந்தியத் தேர்தல் ஆணையம்
* மேனகா காந்தி எதிர் இந்திய ஒன்றியம்