கறியா, கொழுப்பா?

இறைச்சி மட்டுமே தின்று வாழ முடியுமா என்று பேச்சு வந்தால், யாராவது ஒருவர் வில்யால்மர் ஸ்டெஃபான்சன் பெயரை இழுத்துவிடுவார். “ஒரு வருசம் வெறும் கறிதான் சாப்ட்டாரு, ஒன்னும் ஆகல!” ஜிம்மிலும் கேட்டிருக்கிறேன், மாமாக் கடையிலும் கேட்டிருக்கிறேன். கதை பொய்யில்லை. பாதியைத்தான் சொல்கிறார்கள்.

ஸ்டெஃபான்சன் 1879இல் கனடாவில், ஐஸ்லாந்திலிருந்து குடியேறிய குடும்பத்தில் பிறந்தவர். 1906 முதல் ஆர்க்டிக்கில் இனுயிட் மக்களோடு ஆண்டுக்கணக்கில் வாழ்ந்து, அவர்கள் உணவையே உண்டார். காய்கறி இல்லாமலே நலமாக இருந்ததாக அவர் சொன்னதை மருத்துவர்கள் பலர் நம்பவில்லை. ஸ்கர்வி வரும், சிறுநீரகம் கெடும் என்பது அவர்கள் படித்த பாடம். அதனால் 1928இல் அவரும் பயணத் தோழர் கார்ஸ்டன் ஆண்டர்சனும் நியூயார்க்கின் பெல்வியூ மருத்துவமனையில் சோதனைக்கு உட்பட்டார்கள். சில வாரம் கண்காணிப்பில், பிறகு வெளியே, மொத்தம் ஓராண்டு. செலவில் பங்கெடுத்தது அமெரிக்க இறைச்சி வணிகர்களின் அமைப்பு. வேறு யார் கொடுப்பார்கள்!

ஸ்கர்வி வரவில்லை. சிறுநீரகமும் கெடவில்லை. நம் ஜிம் நண்பர்கள் இதோடு நிறுத்திவிடுவார்கள்.

ஆனால் சோதனையின் தொடக்கத்தில் ஸ்டெஃபான்சனுக்குக் கொழுப்பு நீக்கிய கறியை மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டு மூன்று நாளிலேயே குமட்டல், வயிற்றுப்போக்கு. கொழுப்பைச் சேர்த்ததும் தேறிவிட்டார். வடதிசைப் பயணிகளுக்கு இது தெரிந்த விஷயம்தான். மெலிந்த முயலை மட்டுமே தின்று நோயில் விழுவதை ‘முயல் பட்டினி’ என்றார்கள். வயிறு முட்டத் தின்றும் பட்டினி. புரதத்தைக் கையாள்வதற்குக் கல்லீரலுக்கு ஓர் அளவு உண்டு. 1930இல் வந்த ஆய்வறிக்கையின்படி, இருவரின் உணவிலும் ஆற்றலில் சுமார் 80 விழுக்காடு கொழுப்பிலிருந்தே வந்தது. உண்மையில் நடந்தது கொழுப்புச் சோதனை. அந்த உணவில் கால்சியம் மிகக் குறைவு என்பதும் அதே அறிக்கையில் இருக்கிறது. இரண்டே ஆட்கள், ஒரே வருடம் என்பதையும் மறக்கக் கூடாது. நாற்பது வருடம் அப்படித் தின்றால் என்ன ஆகும் என்பதற்கு அதில் பதில் கிடையாது.

இந்தக் கதையைக் கேட்டுவிட்டுத் தோலுரித்த கோழி நெஞ்சுக்கறியை மூன்று வேளையும் அவித்துத் தின்கிறவர்களை எனக்குத் தெரியும். இனுயிட் மக்களைச் சாட்சிக்கு இழுப்பவர்களும் அவர்களேதான். அம்மக்கள் பச்சையாகத் தின்ற ஈரலிலும் திமிங்கலத் தோலிலும் வைட்டமின் சி இருந்தது. அதிகம் வேகவைத்தால் அது அழிந்துவிடும். கோடையில் பழங்களும் பறித்தார்கள், கடற்பாசியும் தின்றார்கள். எந்த விலங்கில் எந்தப் பாகம், எந்தப் பருவத்தில், யாருக்கு என்று தலைமுறைகளாகச் சேர்ந்த அறிவு அது. ‘வெறும் கறி’ என்று சுருக்கிவிடுகிறோம்.

ஸ்டெஃபான்சனே எழுதியிருக்கிறார்: காட்டுமான் அடித்தால் கொழுப்பான பாகங்கள் மனிதருக்கு. இன்று உணவகங்களில் அதிக விலைக்கு விற்கும், முதுகெலும்பை ஒட்டிய அந்த மென்மையான கறியை நாய்களுக்குப் போட்டுவிடுவார்களாம்.