வழக்குமன்றமும் மனித மனமும்

வழக்குமன்றக் கதைகளில் நமக்கு ஏன் இத்தனை ஆவல்? குற்றவாளி யார் என்று அறியும் ஆர்வம் ஒன்றே காரணமாயின், விடை தெரிந்ததும் கதை மறந்துபோக வேண்டும். ஆயினும், சிலப்பதிகாரத்து வழக்கை முடிவு தெரிந்தே தலைமுறை தலைமுறையாகக் கேட்டு வருகிறோம். கோவலன் மனைவியைப் பிரிந்து வாழ்ந்தவன். ஆனால் திருடன் அல்லன். பாண்டியன் தீர விசாரியாமல் அவனைக் கொல்வித்தவன். ஆனால் சிலம்பிலிருந்து மாணிக்கப் பரல் தெறித்ததும் தன் பிழை உணர்ந்து உயிர்விட்டவன். இவர்களை வெறுப்பதா, இரங்குவதா என்று துணிய முடியாமல் தவிப்பதே அக்கதையின் கவர்ச்சி.

இத்தகைய தவிப்பைத் தமிழ்மக்கள் மெய்யான வழக்கொன்றிலும் கண்டனர். 1944 நவம்பர் 8ஆம் நாள் சென்னை வேப்பேரியில் ரிக்‌ஷாவில் சென்ற லட்சுமிகாந்தன் கத்தியால் குத்தப்பட்டு, மறுநாள் உயிர்நீத்தார். 'இந்து நேசன்' பத்திரிகையின் ஆசிரியரான அவர், திரைக்கலைஞர்களின் அந்தரங்கங்களை அவதூறாக எழுதிப் பலருடைய பகையைத் தேடிக்கொண்டவர். அக்கொலைச் சதியில் பங்குகொண்டதாகக் கைதானவர்களுள், 'ஹரிதாஸ்' படத்தின் வெற்றியால் புகழின் உச்சியில் இருந்த எம். கே. தியாகராஜ பாகவதரும், நகைச்சுவை நடிகர் என். எஸ். கிருஷ்ணனும் இருந்தனர்.

மாண்டவருக்கு இரங்கியோர் சிலர். சிறைப்பட்டவர்களுக்காகக் கலங்கியோர் பலர். ஆனால், மாண்டவர் நல்லவரா, சிறைப்பட்டவர் நம் அன்புக்குரியவரா என்பவை நீதிமன்றம் கேட்கவேண்டிய வினாக்கள் அல்ல. குற்றம் ஐயமின்றி மெய்ப்பிக்கப்பட்டதா என்பதே அதன் வினா.

1945 மே மாதம் ஜூரிகளின் முடிவை ஏற்று இருவருக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. உயர்நீதிமன்ற மேல்முறையீடும் பயன் தரவில்லை. பின்னர் லண்டன் பிரிவி கவுன்சில், மேல்முறையீட்டை மீண்டும் விசாரிக்குமாறு வழக்கைத் திருப்பியனுப்பியது. 1947 ஏப்ரலில் உயர்நீதிமன்றம் இருவரையும் விடுதலை செய்தது. சான்றுகளை மீண்டும் ஆராய்ந்ததனால் கிடைத்த விடுதலை அது. பாட்டுக்கும் சிரிப்புக்கும் கிடைத்த பரிசன்று.

எனினும், சிறையில் கழிந்த இரண்டு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட காலத்தை எந்தத் தீர்ப்பும் மீட்டுத் தரவில்லை. கிருஷ்ணன் மீண்டும் திரையுலகில் சிறந்து விளங்கி 1957இல் மறைந்தார். பாகவதருக்கோ பழைய வெற்றி திரும்பவே இல்லை. 1959இல் அவரும் மறைந்தார்.

மாணவ நண்பர்களே! இனி வழக்குமன்றக் கதை ஒன்றைப் படிக்கும்போது, உங்கள் உள்ளம் யார் பக்கம் சாய்கிறது என்று கவனியுங்கள். பிறகு சான்று எந்தப் பக்கம் நிற்கிறது என்று பாருங்கள். இவ்விரண்டும் வேறுபடுமிடத்தில்தான், பிறரைத் தீர்ப்பிடுவது எத்தனை கடினமான பொறுப்பு என்பது விளங்கும்.