போர்க்காலக் கொள்முதலும் புலனாய்வு இதழியலும்: இலங்கையின் மிக்-27 செய்திகளை முன்வைத்து

முன்னுரை

போர்க்காலத்தில் அரசு விரைந்து செலவிடுகிறது; மறைத்தும் செலவிடுகிறது. படை நகர்வை மறைப்பதற்கென வகுத்த விதி, அப்படைக்கு வாங்கிய கருவியின் விலையையும் மறைத்துவிடுமாயின், மக்கள் பணத்திற்குக் கணக்குக் கேட்பவர் எவர் என்னும் வினா எழுகிறது. 1983 முதல் 2009 வரை நீடித்த இலங்கை உள்நாட்டுப் போரில் இவ்வினாவை எழுப்பியோருள் கொழும்பின் ஆங்கில ஞாயிறு ஏடுகளின் செய்தியாளர் சிலர் குறிப்பிடத்தக்கவர்கள். படைத்துறை இரகசியம் வேறு, கணக்கு இரகசியம் வேறு என்பதை அவர்தம் செய்திகள் நடைமுறையில் நிறுவின என்பது இக்கட்டுரையின் கருத்து. மிக்-27 போர்விமானக் கொள்முதல் பற்றிய செய்திகள் இதற்குச் சான்றாகக் கொள்ளப்படுகின்றன.

சட்டப் பின்புலம்

நெருக்கடிநிலை விதிகளை வகுக்கும் அதிகாரத்தை 1947ஆம் ஆண்டின் பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் ஆட்சியாளருக்கு வழங்கியது. அரசின் மறைபொருள்களை வெளியிடுவதை 1955ஆம் ஆண்டின் அரச இரகசியங்கள் சட்டம் குற்றமாக்கியது. 1998 ஜூனில் விதிக்கப்பட்ட செய்தித் தணிக்கை, படை நடவடிக்கைகளோடு, படைத்தலைவர்கள், படையினர் ஆகியோரின் அலுவல்சார் நடத்தை பற்றிய கூற்றுகளையும் தன் வரம்புக்குள் கொணர்ந்தது. இக்கூறு கூர்ந்து நோக்கத்தக்கது. போர்முனைச் செய்தியைக் கடந்து, கொள்முதல் முறைகேடு பற்றிய செய்தியையும் தடுக்க இது இடமளித்தது. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2016இல்தான் இயற்றப்பட்டது. எனவே போர்க்காலச் செய்தியாளர்க்குச் சட்டவழியில் ஆவணம் பெறும் வாயில் இல்லை.

செய்தியின் சான்றுமுறை

இலங்கை விமானப்படை 2000ஆம் ஆண்டில் மிக்-27 விமானங்களைப் பெற்றது. 2006இல் மேலும் நான்கு விமானங்களை உக்ரைனிலிருந்து வாங்க உடன்பாடு செய்யப்பட்டது. 2007இல் சண்டே லீடர், சண்டே டைம்ஸ் ஆகிய ஏடுகள் இக்கொள்முதலை ஆராய்ந்து வெளியிட்ட செய்திகளில் மூன்று வினாக்கள் மையமாயின. முன்னர் வாங்கியவற்றைவிடப் பழைய விமானங்களுக்குக் கூடுதல் விலை ஏன்? இரு அரசுகளுக்கிடையிலான உடன்பாடு எனில், பணம் மூன்றாவதொரு நிறுவனத்திற்குச் செல்வது ஏன்? அந்நிறுவனத்தின் பின்னிருப்போர் யாவர்?

இவ்வினாக்களுள் எதுவும் விமானம் பறக்கும் வழியையோ தாக்குதல் திட்டத்தையோ வெளிப்படுத்துவதன்று. உற்பத்தி ஆண்டு, விலை, பணம் பெறுவோர் முகவரி ஆகியவையே இங்குச் சான்றுகள். முந்தைய ஒப்பந்தத்தோடு பிந்தையதை ஒப்பிடுதலே முறையியல். தணிக்கையாளர் செய்யவேண்டிய பணியை இதழியல் மேற்கொண்டது எனலாம்.

எதிர்வினைகள்

சண்டே டைம்ஸின் பாதுகாப்புச் செய்தியாளர் இக்பால் அத்தாஸ் இல்லத்தில் 1998 பிப்ரவரி 12 அன்று ஆயுதம் ஏந்தியோர் புகுந்து மிரட்டினர். அவர் அப்போது விமானப்படைக் கொள்முதல்கள் பற்றி எழுதிவந்தார். 2007 ஆகஸ்டில் மிக் விமானச் செய்தி வெளியான சில நாள்களில் அவருக்கு அளிக்கப்பட்டிருந்த பாதுகாப்பு விலக்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் சண்டே லீடரின் அச்சகம் எரிக்கப்பட்டது. அன்றைய பாதுகாப்புச் செயலாளர் கோத்தபய ராஜபக்ச குற்றச்சாட்டுகளை மறுத்து அவ்வேட்டின்மீது மானநட்ட வழக்குத் தொடுத்தார். 2009 ஜனவரி 8 அன்று அதன் ஆசிரியர் லசந்த விக்கிரமதுங்க கொல்லப்பட்டார். அக்கொலைக்கும் இச்செய்திகளுக்கும் உள்ள தொடர்பு நீதிமன்றத்தில் நிறுவப்படவில்லை. ஆய்வாளர் இவ்வேறுபாட்டைப் பேணுதல் வேண்டும்.

வரலாற்று மூலமாகச் செய்தி

2015க்குப் பின்னர் இக்கொள்முதல் அரசின் நிதிக்குற்ற விசாரணைக்கு உள்ளானது. விசாரணைக்கு முன்பே வினாக்களை வகுத்தவை ஏடுகளே. ஆதலின் இச்செய்திகள் போர்ச்செலவு வரலாற்றுக்கு முதன்மைச் சான்றுகள். எனினும் அவை குற்றச்சாட்டுகளேயன்றித் தீர்ப்புகள் அல்ல.

தமிழ் ஏடுகளின் நிலை வேறு. 2000 அக்டோபரில் மயில்வாகனம் நிமலராஜனும் 2005 ஏப்ரலில் தராகி சிவராமும் கொல்லப்பட்டனர். 2006 மே மாதம் யாழ்ப்பாணத்தின் உதயன் அலுவலகம் தாக்கப்பட்டு ஊழியர் இருவர் உயிரிழந்தனர். இச்சூழலில் இயங்கிய ஏடுகள், குண்டுவீச்சின் இழப்பைப் பதிவுசெய்வதற்கே தம் ஆற்றலைச் செலவிட நேர்ந்தது. விமானத்தின் விலையைக் கொழும்பு ஏடுகள் எழுதின. அவ்வகை விமானங்கள் வடபுலத்தில் விளைத்த அழிவைத் தமிழ் ஏடுகள் எழுதின. இவ்விரு பதிவுகளும் மொழியால் பிரிந்தே கிடக்கின்றன.

முடிவுரை

போர்க்காலப் புலனாய்வு இதழியல் நாட்டின் பாதுகாப்புக்கு ஊறு என்னும் வாதம் மிக்-27 செய்திகளுக்குப் பொருந்தவில்லை. பழைய விமானத்தைக் கூடுதல் விலைக்கு வாங்கினால் இழப்பு அரசின் கருவூலத்திற்கு மட்டுமன்று. அதனை ஓட்டும் படைவீரனுக்கும் இடர் உண்டு. ஈழப்போர் பற்றிய தமிழ் ஆய்வுகள் உயிரிழப்பு, இடப்பெயர்வு ஆகியவற்றை விரிவாகப் பேசியுள்ளன. போர் எப்பணத்தால், எவர்வழி நடத்தப்பட்டது என்பதையும் அவற்றோடு இணைத்து ஆராயும்போதே அவ்வரலாறு முழுமை பெறும். அதற்கு ஆங்கில, தமிழ் ஏடுகளின் தொகுப்புகளை ஒருசேர வாசித்தல் முதற்படியாகும்.