கரிசையும் காலனும் பீப்பாயும்: வடசென்னையின் முகத்தலளவைகள்

மூலக்கொத்தளத்தை அடுத்த சால்ட் கோட்டர்ஸ், ஆங்கிலேயர் காலத்தில் சென்னையின் உப்புக் கிடங்காக இருந்த இடம். எண்ணூர்ப் பக்கத்து அத்திப்பட்டு, வல்லூர் அளங்களில் விளைந்த உப்பு கால்வாயில் படகேறி இங்கு வந்தது. 1805இல் சென்னை மாகாணத்தில் உப்பு வணிகம் அரசின் ஏகபோகமானது. அதன்பின் உப்பை எப்படி அளப்பது என்பது அரசின் வருமானத்தையே தொடும் கேள்வியாயிற்று.

நாட்டு முறையில் எட்டு ஆழாக்கு ஒரு படி, எட்டுப் படி ஒரு மரக்கால், 400 மரக்கால் ஒரு கரிசை. ஆனால் ஊருக்கு ஊர் படி வேறுபட்டது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் அரசு வகுத்த அளவில் படி 100 கன அங்குலம், அதாவது சுமார் 1.64 லிட்டர், கரிசை ஏறத்தாழ 5,244 லிட்டர்.

படியை நிலைநாட்டினாலும் உப்பு நிலையாக நிற்கவில்லை. குவித்து அளந்தால் ஓர் எடை, தலைதட்டி அளந்தால் வேறு எடை. கல்லுப்புக்கும் பொடிக்கும் வேறுபாடு. ஆகவே உப்புக் கரிசை 120 மணங்கு என்ற எடையாகவே கணக்கிடப்பட்டது. அது சுமார் 4,479 கிலோ.

திரவங்களுக்குக் காலன் வந்தது. 1707இல் இங்கிலாந்து வரையறுத்த ஒயின் காலன் 231 கன அங்குலம். 1824இல் பிரிட்டன் அதைக் கைவிட்டு, பத்து பவுண்டு தண்ணீர் கொள்ளும் புதிய காலனை ஏற்றது, அது 4.546 லிட்டர். விடுதலை பெற்றுப் பிரிந்துவிட்ட அமெரிக்கா பழைய காலனையே வைத்துக்கொண்டது, அது 3.785 லிட்டர். இந்தியா பிரிட்டனைப் பின்பற்றியது. அமெரிக்க மண்ணெண்ணெய் ஐந்து அமெரிக்கக் காலன் டின்களில், அதாவது 18.93 லிட்டராகக் கப்பலேறியது. இந்தியக் கணக்கில் மண்ணெண்ணெய் டின் என்றால் நான்கு பிரிட்டிஷ் காலன், 18.18 லிட்டர். காலனின் பெயர் ஒன்றாக இருந்தும் ஒன்றை ஐந்து என்றும் மற்றதை நான்கு என்றும் எண்ண நேர்ந்தது இதனால்தான்.

1956ஆம் ஆண்டுச் சட்டம் மெட்ரிக் முறையைக் கொண்டுவந்தது. படிப்படியாக லிட்டர் கடைத்தெருவை அடைந்தது. 1965இல் இந்திய அரசு, அமெரிக்காவின் அமோகோ, ஈரானின் தேசிய எண்ணெய் நிறுவனம் ஆகியவை சேர்ந்து மெட்ராஸ் ரிஃபைனரீஸ் நிறுவனத்தைத் தொடங்கின. மணலி ஆலை 1969இல் இயங்கத் தொடங்கியபோது அதன் திறன் ஆண்டுக்கு 25 லட்சம் டன். உலகச் சந்தையிலோ கச்சா எண்ணெய்க்கு விலை பீப்பாய்க் கணக்கில். ஒரு பீப்பாய் 42 அமெரிக்கக் காலன், அதாவது 158.987 லிட்டர். பழைய கரிசை ஒன்றில் ஏறத்தாழ 33 பீப்பாய் அடங்கும்.

பீப்பாயை லிட்டராக்குவது வெறும் பெருக்கல். டன்னாக மாற்ற அடர்த்தியும் வேண்டும். நடுத்தரக் கச்சா எண்ணெயில் ஒரு டன் சுமார் 7.3 பீப்பாய். எண்ணெய் சூட்டில் விரியும் என்பதால் வெப்பநிலையும் குறிக்கப்பட வேண்டும்: அமெரிக்க வழக்கில் 60 டிகிரி ஃபாரன்ஹீட், மெட்ரிக் வழக்கில் 15 டிகிரி செல்சியஸ். உப்பிலும் எண்ணெயிலும் கொள்ளளவு முழுப் பொருள் பெறுவது, எந்த அளவை, எந்த நிலையில் அளந்தது என்ற இரண்டும் எண்ணுடன் சேரும்போதுதான்.