பெற்றோர் உரிமை நீக்கம்: அமெரிக்கக் குழந்தைநலச் சட்டத்தின் வளர்ச்சி

பெற்றோருக்கும் பிள்ளைக்கும் உள்ள சட்ட உறவை நீதிமன்ற ஆணையால் நிரந்தரமாக முறிப்பதே பெற்றோர் உரிமை நீக்கம். புறக்கணிப்புக்கு உள்ளான பிள்ளையைத் தற்காலிகமாக வேறிடத்தில் வைப்பதிலிருந்து இது வேறுபட்டது. உரிமை நீங்கிய தாயோ தந்தையோ பிள்ளையைப் பார்க்க வேண்டும் என்று சட்டப்படி கோர முடியாது. பிள்ளையைத் தத்துக் கொடுக்க அவர்களின் சம்மதமும் தேவைப்படாது. அமெரிக்காவில் பிள்ளையை வீட்டிலிருந்து அகற்றும் அதிகாரம் 19ஆம் நூற்றாண்டிலேயே வேரூன்றிவிட்டது. உறவை முறிக்கும்போது பெற்றோருக்குள்ள பாதுகாப்பு எது என்பதை உச்ச நீதிமன்றம் வரையறுத்ததோ 1980களில்தான்.

அரசு பெற்றோராதல்

தன்னைக் காத்துக்கொள்ள இயலாதவர்களுக்கு அரசே பெற்றோர் என்பது இங்கிலாந்தின் பழைய நீதிமரபு. 1839இல் பென்சில்வேனியா உச்ச நீதிமன்றம் குரூஸ் வழக்கில் இதைக் கையாண்டது. தாயின் புகாரின்பேரில் பிலடெல்பியா காப்பகத்தில் அடைக்கப்பட்ட மகளை விடுவிக்கக் கோரித் தந்தை தொடுத்த ஆட்கொணர்வு மனு தள்ளுபடியானது. பெற்றோரால் இயலாதபோது அரசு அவர்கள் இடத்தில் நிற்கலாம் என்றது தீர்ப்பு. 1870இல் இல்லினாய் உச்ச நீதிமன்றம் ஓகானல் எதிர் டர்னர் வழக்கில் எதிர்த்திசையில் தீர்ப்பளித்தது. குற்றம் எதுவும் செய்யாத சிறுவனை, வறுமையையும் சோம்பலையும் காரணம் காட்டிச் சீர்திருத்தப் பள்ளியில் அடைத்ததை அது ஏற்கவில்லை. ஆனால் முந்தைய தீர்ப்பின் போக்கே பின்னர் ஓங்கியது.

நீதிமன்றத்துக்கு வெளியே தொண்டு நிறுவனங்களும் பிள்ளைகளை இடம்பெயர்த்தன. சார்லஸ் லோரிங் பிரேஸ் 1853இல் நியூயார்க்கில் குழந்தைகள் உதவிச் சங்கத்தை நிறுவினார். 1854 முதல் 1929 வரை ‘அனாதை ரயில்கள்’ பெருநகரப் பிள்ளைகளை நாட்டின் நடுப்பகுதியிலும் மேற்கிலும் இருந்த பண்ணைக் குடும்பங்களுக்குக் கொண்டுசென்றன. அவர்களில் பலருக்குப் பெற்றோர் உயிருடன் இருந்தனர்.

1874இல் நியூயார்க்கில் வளர்ப்புத் தாயின் கொடுமைக்கு ஆளான சிறுமி மேரி எலனின் வழக்கு பரபரப்பை உண்டாக்கியது. விலங்குவதைத் தடுப்புச் சங்கத்தைத் தோற்றுவித்த ஹென்றி பெர்க் அவளுக்காக முன்வந்தார். விலங்குகளைக் காக்கும் சட்டத்தின்கீழ் அவள் மீட்கப்பட்டாள் என்ற பரவலான கதை தவறு. வழக்குரைஞர் எல்பிரிட்ஜ் ஜெர்ரி நீதிமன்ற ஆணை பெற்றே அவளை மீட்டார். இதைத் தொடர்ந்து நியூயார்க்கில் குழந்தைவதைத் தடுப்புச் சங்கம் உருவானது.

சிறார் நீதிமன்றமும் வறுமையும்

1899இல் இல்லினாய் இயற்றிய சட்டத்தின்படி சிகாகோவில் முதல் சிறார் நீதிமன்றம் அமைந்தது. குற்றமிழைத்த சிறாரோடு, ஆதரவற்றோரும் புறக்கணிக்கப்பட்டோரும் அதன் வரம்புக்குள் வந்தனர். வழக்கமாகப் பிச்சை எடுக்கும் பிள்ளையும் இந்தப் பிரிவில் அடங்கியது. நீதிபதி தந்தையைப்போல் நடந்துகொள்வார் என்பதால் கடுமையான சாட்சிய விதிகள் வேண்டியதில்லை எனக் கருதப்பட்டது. இந்தத் தளர்வு பெற்றோருக்கு எதிராகவும் வேலை செய்தது.

ஏழ்மையும் புறக்கணிப்பும் ஒன்றாகப் பார்க்கப்படும் ஆபத்தை அக்காலத்தவரும் உணர்ந்திருந்தனர். 1909இல் வெள்ளை மாளிகையில் கூடிய மாநாடு, வறுமையை மட்டும் காரணமாகக் கொண்டு பிள்ளையைப் பிரிக்கக்கூடாது என்றது. 1911இல் இல்லினாய் தாய்மாருக்கு உதவித்தொகை வழங்கத் தொடங்கியது. 1935ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டம் அத்தகைய உதவியை நாடு முழுவதற்கும் விரித்தது.

1962இல் ஹென்றி கெம்ப் தலைமையிலான மருத்துவர்கள், அடிபட்ட குழந்தைகளிடம் காணப்படும் காயங்களின் தொகுப்பை ஒரு மருத்துவ நிலையாக வரையறுத்தனர். சில ஆண்டுகளிலேயே எல்லா மாநிலங்களும் கட்டாயப் புகார்ச் சட்டங்களை இயற்றின. 1974இன் கூட்டாட்சிச் சட்டம் இதற்கு நிதி அளித்தது. புகார்கள் பெருக, வளர்ப்பு இல்லங்களில் சேரும் பிள்ளைகளின் எண்ணிக்கையும் உயர்ந்தது.

அரசியலமைப்புப் பாதுகாப்பு

1972இல் ஸ்டான்லி எதிர் இல்லினாய் வழக்கில், மணமாகாத தந்தையைத் தகுதியற்றவர் என்று விசாரணையின்றி முடிவுகட்ட முடியாது என அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1981இல் லாசிட்டர் வழக்கு வந்தது. உரிமை நீக்க வழக்கில் ஏழைப் பெற்றோர் அனைவருக்கும் அரசு வழக்குரைஞரை அமர்த்தித் தர வேண்டியதில்லை, வழக்குக்கு வழக்கு முடிவு செய்யலாம் என 5 பேருக்கு 4 பேர் என்ற பெரும்பான்மை கூறியது. அப்போதே 33 மாநிலங்கள் தம் சட்டத்தின் வழியே அந்த உதவியை அளித்துவந்தன.

மறு ஆண்டு சாண்டோஸ்கி எதிர் கிரேமர் வழக்கில் அதே 5–4 விகிதத்தில் பெற்றோருக்குச் சாதகமான தீர்ப்பு வந்தது. நியூயார்க் சட்டம், சாட்சியத்தின் எடை எந்தப் பக்கம் சற்றே சாய்கிறதோ அந்தப் பக்கம் தீர்ப்பளிக்க இடம் தந்தது. உறவை முறிக்க இது போதாது, தெளிவும் நம்பகமும் கொண்ட சான்று வேண்டும் என்றது நீதிமன்றம். மிசிசிப்பியைச் சேர்ந்த தாய் ஒருவரின் மேல்முறையீடு, வழக்குப் பதிவேட்டைத் தயாரிக்க 2,352 டாலர் கட்ட இயலாததால் தடைப்பட்டது. அந்தத் தடையையும் செல்லாது என்றது உச்ச நீதிமன்றம் 1996இல்.

பழங்குடியினருக்கு மேலும் வலுவான காப்பு கிடைத்தது. ஆய்வுகளின்படி பழங்குடிக் குழந்தைகளில் 25 முதல் 35 விழுக்காட்டினர் குடும்பத்திலிருந்து பிரிக்கப்பட்டிருந்தனர். 1978இன் பழங்குடிக் குழந்தைநலச் சட்டம், உரிமையை நீக்க ஐயத்துக்கு இடமற்ற சான்று வேண்டும் என்றது. 2023இல் உச்ச நீதிமன்றம் இச்சட்டத்துக்கு எதிரான வழக்கை நிராகரித்து அதை நிலைநிறுத்தியது.

காலக்கெடு

1980ஆம் ஆண்டின் சட்டம், குடும்பத்தைச் சேர்த்துவைக்க நியாயமான முயற்சிகள் எடுக்கப்பட வேண்டும் என்றது. ஆனால் பிள்ளைகள் ஆண்டுக்கணக்கில் வளர்ப்பு இல்லம் விட்டு வளர்ப்பு இல்லம் மாறியதால் விமர்சனம் எழுந்தது. 1997இல் நிறைவேறிய தத்தெடுப்பு மற்றும் பாதுகாப்பான குடும்பங்கள் சட்டம் பிள்ளையின் காலத்தைக் கணக்கில் எடுத்தது. கடந்த 22 மாதங்களில் 15 மாதம் பிள்ளை வளர்ப்புப் பராமரிப்பில் இருந்தால், பொதுவாக உரிமை நீக்க மனு தாக்கல் செய்ய வேண்டும். உறவினர் வளர்த்தாலோ, தேவையான உதவிகள் குடும்பத்துக்கு வழங்கப்படாதிருந்தாலோ, வலுவான வேறு காரணம் இருந்தாலோ விலக்கு உண்டு. போதைப் பழக்கத்திலிருந்து மீளும் பெற்றோருக்கும், நீண்ட சிறைத் தண்டனை பெற்றவர்களுக்கும் இந்தக் கெடு மிகக் கடினமானது. 2018இன் சட்டம், பிள்ளையைப் பிரிக்கும் முன்பே மனநலம், போதைச் சிகிச்சை, பெற்றோர்ப் பயிற்சி ஆகியவற்றுக்குக் கூட்டாட்சி நிதியைப் பயன்படுத்த வழி செய்தது.

முடிவுரை

உரிமை நீக்கத்தின் நடைமுறை ஒரு நூற்றாண்டில் பெரிதும் மாறியுள்ளது. விசாரணை, சான்றின் தரம், மேல்முறையீடு ஆகியவை உறுதியாயின. புறக்கணிப்பின் வரையறையோ இன்னும் விரிவாகவும் தளர்வாகவும் உள்ளது. உறுதிசெய்யப்படும் குழந்தைக் கொடுமைகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு புறக்கணிப்பே. உணவு, இருப்பிடம், கண்காணிப்பு ஆகியவற்றின் குறைவு அதில் பெரிதும் அடங்குவதால், 1909இல் எழுந்த எச்சரிக்கை இன்றும் தீராத கேள்வியாகவே உள்ளது.