விற்பனைக்கு வராத ஒரு லப்டொப்பின் கதை

2010 டிசம்பரில் கூகுள் ஒரு கறுப்பு லப்டொப்பை வெளியிட்டது. மூடியில் நிறுவனத்தின் பெயர் இல்லை, இலச்சினை இல்லை. கடையிலும் விற்கவில்லை. விண்ணப்பித்தவர்களில் தெரிவானவர்களுக்குச் சும்மா அனுப்பினார்கள். பெயர் சிஆர்-48. குரோமியத்தின் நிலையற்ற சமதானி ஒன்றின் பெயர் அது. அதன் அரைவாழ்வுக் காலம் ஒரு நாள்கூட இல்லை. 'இது நிலைக்கப்போற பொருள் இல்லை, சோதனைக்குத்தான்' எண்டு பெயரிலேயே சொல்லிவிட்டார்கள்.

யோசனை புதியதல்ல. 1995 இலேயே ஒராக்கிளின் லரி எலிசன், 500 டொலர் அளவில் ஒரு 'வலையமைப்புக் கணினி' வரும் என்று பேசினார். அடுத்த வருடம் சன் நிறுவனம் ஜாவாஸ்டேஷனை அறிமுகப்படுத்தியது. அதில் வன்தட்டே இல்லை. மென்பொருள் எல்லாம் சேவையகத்திலிருந்து வரவேண்டும். ஆனால் அன்றைய இணையம் மெதுவானது. சாதாரண கணினிகளும் 1000 டொலருக்குக் கீழே வந்துவிட்டன. பிறகு யார் அதை வாங்குவது?

சிஆர்-48 இலும் 16 ஜிபி சேமிப்பிடம்தான். திறந்தால் உலாவி மட்டும்தான். கப்ஸ் லொக் இருந்த இடத்தில் தேடல் விசை. ஆனால் 14 வருடத்தில் வைஃபை பரவியிருந்தது. இந்த லப்டொப்பிலோ 3ஜி இணைப்பும் இருந்தது. இன்னொரு வித்தியாசம், சன் தன் கருவியை விலைக்கு விற்றது. கூகுள் குறையோடு கொடுத்து, குறையைக் கேட்டது. தொடுபலகை சரியில்லை, வீடியோ இழுபடுது எண்டு பாவித்தவர்கள் முறையிட்டார்கள். 2011 இன் நடுப்பகுதியில் சாம்சுங், ஏசர் குரோம்புக்குகள் கடைக்கு வந்தன.

விளம்பரக் காணொளி ஒன்றில் கூகுள் இந்த லப்டொப்புகளை ஒவ்வொன்றாக உடைத்துக் காட்டியது. உடைந்தால் என்ன, உங்கட வேலை பத்திரமாக இருக்கும் என்பது செய்தி. உண்மைதான். ஆனால் அதைத் திருப்பியும் கேட்கவேண்டும். லப்டொப் நல்லாயிருக்க, கணக்கு முடக்கப்பட்டால் என்ன மிஞ்சும்?

சிஆர்-48 இன் பற்றரிக்குக் கீழே ஒரு சின்ன ஆளி இருந்தது. அதை மாற்றினால் கூகுளின் மென்பொருளை விலக்கி, நீங்கள் விரும்பியதைப் போடலாம். மேகத்துக்காகவே செய்த கருவியிலும் உரிமையாளருக்கு ஒரு வழி விட்டிருந்தார்கள். இன்று எங்கட குறிப்புகளும் படங்களும் பெரும்பாலும் யாரோ ஒருவரின் சேவையகத்தில்தான் இருக்கின்றன. அங்கே எங்களுக்கான ஆளி எது எண்டு எத்தனை பேருக்குத் தெரியும்?