நொதி தேர்வது எதனை? பொருளையா, இடத்தையா?

உண்ணுதல், தின்னுதல், பருகுதல் ஆகிய மூன்றும் வாயின் செயல்களே. எனினும் பாலைத் தின்றான் என எவரும் கூறார். வினை தனக்குரிய செயப்படுபொருளைத் தேர்ந்துகொள்கிறது. உயிரணுச் சவ்வின் கொழுப்புகளைச் சிதைக்கும் நொதிகளின் வரலாற்றுக்குள் நாம் நுழைந்தது இந்த இலக்கண வாயில் வழியாகவே.

முட்டை மஞ்சட்கருவிலிருந்து பிரித்த கொழுப்புப் பொருளுக்கு 1850இல் பிரெஞ்சு வேதியியலார் கோப்ளே லெசித்தின் எனப் பெயரிட்டார். மஞ்சட்கருவைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லே அதன் வேர். சவ்வுகளை ஆக்கும் பாஸ்போலிப்பிடுகளுள் அதுவும் ஒன்று. கிளிசரால் என்னும் தண்டில் இரு கொழுப்பு அமிலங்கள், ஒரு பாஸ்பேட்டு, அதன் நுனியில் கோலின்; ஆக, வெட்டத்தக்க இணைப்புகள் நான்கு. நாகத்தின் நஞ்சு ஓர் அமிலத்தை மட்டும் நீக்கும். எஞ்சும் பொருள் இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். காயங்களை அழுகச் செய்யும் ஒரு பாக்டீரியத்தின் நச்சு, தண்டுக்கும் பாஸ்பேட்டுக்கும் இடையே வெட்டுவதை 1941இல் மக்ஃபார்லேனும் நைட்டும் காட்டினர். கோலினை மட்டும் பிரிக்கும் நொதியை 1947இல் ஹனஹானும் சைக்கோஃபும் காரட்டில் கண்டனர். இவை லெசித்தினேஸ் எனப்பட்டு, ஏ, சி, டி என எழுத்தடை பெற்றன. லெசித்தின் அல்லாத பாஸ்போலிப்பிடுகளையும் இவை சிதைப்பதால் அப்பெயர் நிலைக்கவில்லை; பாஸ்போலைப்பேஸ் என்பதே வழக்காயிற்று.

நஞ்சிலுள்ள ஏ நொதி நீக்குவது எந்த அமிலத்தை? ஓரத்திலுள்ளதை என 1954இல் ஹனஹான் முடிவுகட்டினார். 1959இல் டாட்ரீயின் ஆய்வோ நடுவிலுள்ளதைச் சுட்டியது. மறு ஆண்டே ஹனஹான் உடனாய்வாளரோடு சேர்ந்து மீண்டும் சோதித்து, தம் பழைய முடிவைத் தாமே திருத்தினார். இலக்கண ஆய்வுலகில் இத்தகைய திருத்தத்தை நாம் அரிதாகவே கண்டிருக்கிறோம்.

ஓர் ஐயம் எஞ்சியது. இயற்கை லெசித்தினின் நடுவிடத்தில் பெரும்பாலும் நிறைவுறாக் கொழுப்பமிலமே இருக்கும். அவ்வாறாயின் நொதி நாடுவது அமிலத்தின் வகையையா, அது நிற்கும் இடத்தையா? 1960களின் தொடக்கத்தில் நெதர்லாந்தின் டி ஹாஸ், வான் டீனன் இருவரும் அமிலங்களை இடம் மாற்றிச் செயற்கை லெசித்தின்களை ஆக்கிச் சோதித்தனர். எந்த அமிலம் நின்றபோதும் நொதி நடுவிடத்தையே வெட்டியது. அம்மூலக்கூற்றின் கண்ணாடிப் பிம்ப வடிவத்தையோ அது தீண்டவில்லை. நாகத்தின் நொதி ஏ2 ஆயிற்று. ஓரத்து அமிலத்தை நீக்கும் வேறொரு நொதிக்கு ஏ1 என்ற பெயர் வாய்த்தது.